நான் திருத்தி எழுதிய சீட்டு

அன்றைக்கு மின்விசிறிகள் எல்லாம் ஓடியும் காற்று வரவில்லை. மந்தைவெளிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சபையில் பிரசங்கம் முடிந்து, காணிக்கைப் பாட்டும் முடிந்து, ஆயர் ஜெயசீலன் ஐயா ஜெப விண்ணப்பத் தாளைக் கையில் எடுத்தார். சபையில் யார் யாருக்கு என்ன குறை என்று வாராவாரம் வாசித்து ஜெபிக்கும் தாள் அது. அதைத் தட்டச்சு செய்து கொடுப்பது நான். அடுத்த வரி என்ன என்று அவருக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும் என்பதால் மனதுக்குள் கூடவே படித்துக்கொண்டு வருவேன்.

"முழங்கால் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒரு தாயாருக்காக." சரி. "வேலை தேடும் ஒரு வாலிபருக்காக." சரி. அதற்கடுத்து, "மன சமாதானத்திற்காக ஏங்கும் ஒரு சகோதரிக்காக" என்று அடித்திருந்தேன்.

ஐயா அந்த இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். தாளை நான்காக மடித்துப் பிரசங்க பீடத்தின் மேல் வைத்தார்.

"இன்னொருத்தர் எழுதியிருக்காங்க," என்றார். "'காலையில் கண் விழித்ததும், ஏன் விழித்தேன் என்று இருக்கிறது. நான் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.' இவங்களுக்காகவும் ஜெபிப்போம்."

மடியில் இருந்த கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த வார்த்தைகள் தாளில் இல்லை. அவை ஒரு சீட்டில் இருந்தன, அதைத்தான் நான் மன சமாதானம் என்று சுருக்கியிருந்தேன். சீட்டு என் கைப்பையின் உள்ளறையில், ஜிப்புக்குள், ரயில் டிக்கெட்டோடு கிடந்தது. விண்ணப்பப் பெட்டியைத் திறந்து அதை எடுத்தது நான். படித்ததும் நான் மட்டும். பெட்டிக்குச் சாவி ஒன்றே ஒன்று, அது என் வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

அப்புறம் எப்படி ஒரு எழுத்து மாறாமல் அவருக்குத் தெரியும்?

யோசிக்க வேண்டியதே இல்லை. அதை எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். சுற்றி எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணியமான தமிழ்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், வாரத்துக்கு மூன்று நாள் ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்பி, வேளச்சேரியில் பறக்கும் ரயில் பிடித்துச் சபை அலுவலகத்துக்குப் போய்விடுவேன். வாரச் செய்தித்தாள், திருமண அறிவிப்பு, விண்ணப்பத் தாள் எல்லாம் என் கைவேலை.

வாசல் தூணுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி உண்டு. யாருக்கு என்ன பாரமோ எழுதிப் போடலாம், பெயர் எழுத வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில் நான் திறந்து, படித்து, ஒரே பக்கத்தில் அடங்குகிற மாதிரி சுருக்கி அடிப்பேன். "வார்த்தை கண்ணியமா இருக்கணும்மா, குழந்தைகளும் கேக்குறாங்க" என்று முன்பிருந்த ஆயர் ஒருவர் சொல்லிவைத்தார். எனக்கு அது இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லாத வேலை.

"என் மருமகள் தொலைய வேண்டும்" என்று வரும். "குடும்ப ஒற்றுமைக்காக" என்று போடுவேன். "மாடி வீட்டுப் பையன் பைக் நாசமாய்ப் போக" என்று வந்தது ஒரு தடவை. "சுற்றுப்புற அமைதிக்காக" என்று போட்டேன். "குடித்துவிட்டு அடிக்கிறார்" என்று வந்தாலும் "குடும்ப சமாதானத்திற்காக"தான். எதைக் கொடுத்தாலும் மணமணக்கும் தமிழில் மாற்றித் தந்துவிடுவேன் என்று எனக்கே ஒரு பெருமை. கமிட்டியிலும் பாராட்டுவார்கள்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு புதுக் கையெழுத்து வர ஆரம்பித்தது. பழைய வாரச் செய்தித்தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி உருட்டி உருட்டி எழுதிய நீல எழுத்து.

முதல் சீட்டில், "தூக்கமே இல்லை, பயமாக இருக்கிறது." நான் அடித்தது, "நல்ல உடல்நலத்திற்காக ஒரு சகோதரி." அடுத்து, "எல்லாரையும் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லை." நான் அடித்தது, "உற்சாகத்திற்காக ஒரு சகோதரி."

சகோதரி என்று எங்கே எழுதியிருந்தது? எங்கேயும் இல்லை. இப்படியெல்லாம் எழுதுவது பெண்ணாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

நான் பிடித்த ஆள்

முடிவு கட்டியதோடு நிற்கவில்லை. ஆளையும் கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் சபைக்கு வார இறுதிப் பயிற்சிக்காக இறையியல் கல்லூரியிலிருந்து ஷீபா என்ற மாணவி வந்துகொண்டிருந்தாள். இருபத்து மூன்று இருபத்து நாலு வயசு. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு ஆடிப் பாடுவாள். தனியாக இருக்கும்போது பார்த்தால் கண் வீங்கியிருக்கும். எனக்கு இது போதாதா? ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் இரண்டு பாக்கெட் பேரீச்சம்பழமும் வாங்கிக் கொடுத்து, "நல்லா சாப்பிடும்மா, எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

அவள் பாட்டிலை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "ஆன்ட்டி, எங்க ஹாஸ்டல்ல மனசு சரியில்லைன்னு யாரும் வாயைத் திறக்க மாட்டோம்," என்றாள். "சொன்னா, உனக்கு நிஜமாவே ஊழியத்துக்குக் கடவுளோட அழைப்பு இருக்கான்னு கேப்பாங்க. காய்ச்சல்னா லீவு. அழுதா, அழைப்பு இல்லை. அதனால எல்லாரும் காய்ச்சல்னுதான் சொல்லுவோம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் கூடச் சிரித்துவைத்தேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இதைவிட வெட்கக்கேடு இன்னொன்று உண்டு. அன்றைக்கே நான் ஜெயசீலன் ஐயாவின் அறைக்குப் போய், "ஐயா, பெட்டியில ஒரு மாதிரியா சீட்டு வருது. அந்த ஷீபா பொண்ணா இருக்கும்னு தோணுது. நீங்க கொஞ்சம் கவனிங்க," என்று சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். "சரி கிரேஸம்மா, கவனிக்கிறேன்" என்றார். கவனிக்கவும் செய்தார். ஷீபாவைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டு, கல்லூரி முதல்வரிடமே பேசி, அவளுக்கு இரண்டு வாரம் ஓய்வு வாங்கித் தந்தார். அவளுக்கு உண்மையிலேயே அது தேவைப்பட்டிருக்கிறது. அவருக்கு யார் வாங்கித் தருவது?

அவருக்கு ஐம்பது வயசுகூட ஆகவில்லை. மாற்றல் உத்தரவில் வேலூரிலிருந்து வந்தவர். மனைவி சுகந்தி அங்கே பள்ளிக்கூட ஆசிரியை, மகள் ப்ளஸ் டூ. ஆகவே ஐயா மட்டும் தனியாகக் குருமனையில், சபை ஆயருக்குத் தரும் வீட்டில். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சாவு வீட்டில் கடைசி ஆள் போகும்வரை நிற்பார். இவருக்கு ஒரு குறை இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

வாட்ச்மேன் ஏழுமலைக்கு மட்டும் தோன்றியிருக்கிறது. ஒரு நாள் கேட்டைத் திறந்துகொண்டே சொன்னான். "இன்னாக்கா, ஐயா சரியாவே துன்றதில்ல. ஓட்டல் பொட்லத்த வாங்கியாந்து அப்டியே நாய்க்குப் போட்டுக்கினு கீறாரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "லெந்து காலம் வருதுல்ல, உபவாசமா இருப்பாரு." அதையும் கண்ணியமாக்கிவிட்டேன்.

கீழாநெல்லி

இந்தக் கலை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

என் அப்பாவும் ஆயர்தான். கிண்டியில் ரேஸ் கோர்ஸ் சுவரை ஒட்டின மாதிரி ஒரு சின்னக் கோயில், அதன் பின்னால் இரண்டு அறை வீடு. காற்று இந்தப் பக்கம் அடித்தால் குதிரை லாய வாசனை சமையலறை வரைக்கும் வரும். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்பா ஒரு நாள் சுவரைப் பார்த்துப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தார். சவரம் செய்யாத கன்னத்தில் கண்ணீர் வழியும், துடைக்கக்கூட மாட்டார்.

அம்மா எங்களைக் கூப்பிட்டு, "யார் கேட்டாலும் அப்பாவுக்கு மஞ்சக்காமாலைன்னு சொல்லணும்" என்றாள். கதவைத் திறந்து பதில் சொல்லும் வேலை எனக்கு. "அப்பாவுக்கு மஞ்சக்காமாலை, படுத்திருக்காங்க." ரொம்பத் தெளிவாகச் சொல்வேனாம், அம்மா எல்லாரிடமும் பெருமைப்படுவாள்.

சபை மக்கள் பாசக்காரர்கள். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் கீழாநெல்லி கொண்டுவந்தார்கள். வாசலில் கட்டுக் கட்டாகக் குவிந்தது. வீணாக்கக்கூடாது என்று அம்மா அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். இல்லாத நோய்க்கு அத்தனை நாளும் அப்பா அந்தக் கசப்பைக் குடித்தார். ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்பா எழுந்துவிட்டார். எப்படி எழுந்தார் என்று யாரும் பேசவில்லை. நானும் அதை மஞ்சள் காமாலை என்றே நம்பி வளர்ந்தேன். மருத்துவமனைப் படிவத்தில் குடும்ப நோய்களைக் கேட்டால் இந்த வயதிலும் காமாலை என்று எழுதியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது என்ன என்று உறைத்தது.

வாசலில் ஒரு வரிசை

ஆராதனை முடிந்தது. வழக்கம்போல ஐயா வெள்ளை அங்கியோடு வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். நான் வரிசையில் நின்றேன்.

உள்ளதைச் சொல்கிறேன். நழுவிவிடலாம் என்று நினைத்தேன். மதியம் வீட்டுக்கு நாத்தனார் குடும்பம் வருகிறது, மட்டனைக் காலையிலேயே வேகவைத்துவிட்டு வந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு வரும்போது நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. எனக்கு முன்னால் நின்ற சபைச் செயலர் தேவசகாயம் சார் ஐயாவின் தோளைத் தட்டி, "இன்னிக்கு ஜெபம் ரொம்ப உருக்கம் ஐயா, அழுகையே வந்துடுச்சு" என்றார். ஐயா சிரித்தார். தாடை வலிக்கிற அந்தச் சிரிப்பு.

என் முறை வந்தது. அவர் கையைப் பிடித்தேன். அந்த வெயிலில் கை பச்சைத் தண்ணீராக இருந்தது.

"ஐயா, அந்தச் சீட்டு என் பையிலதான் இருக்கு."

"தெரியும்."

"ஐயா..."

"ரெண்டு மாசமா நல்ல தமிழ்ல மாத்தித் தர்றீங்க கிரேஸம்மா," என்றார். சிரிப்பு அப்படியே இருந்தது. "நான் எழுதினதை நானே வாங்கிப் படிக்கிறேன், எனக்கே ஒண்ணுமில்லாத மாதிரி ஆயிடுது."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. பின்னால் நின்றவர்கள் "என்னக்கா, நகருங்க" என்றார்கள். நான் நகரவில்லை. அவர் கையை விடாமல் உடை மாற்றும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

அங்கி மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே ஒரு ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார். எத்தனையோ வாரமாக நான் அடிக்க மறுத்த வார்த்தையை வாயால் கேட்டேன். "சாகணும்னு தோணுதா ஐயா?"

அவர் தலையாட்டினார். "தினமும். இன்னிக்கு ரொம்ப. வீட்டுக்குப் போனா என்ன ஆகும்னு எனக்கே தெரியல. அதான் படிச்சேன். படிச்சா யாராவது திரும்பிப் பாப்பாங்களான்னு பாத்தேன். எல்லாரும் ஆமென்னாங்க."

நூற்றைம்பது பேர் இருந்த கோயில். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மட்டனாவது, நாத்தனாராவது. செவ்வாய்க்கிழமை என்று நான் நினைத்தது அப்போதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஏழுமலையைக் கூப்பிட்டேன். "ஐயாவை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக்கூடாது" என்றேன். காரணம் கேட்கவில்லை அவன். ஐயாவின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நா இங்கதான் கீறேன் ஐயா, நீ பேசாத, சொம்மா இரு" என்றான். சுகந்திக்கு நான்தான் போன் செய்தேன். அவள் வந்து சேரும்வரை ஷீபாவும் எங்களோடு இருந்தாள். "எனக்கு லீவு வாங்கித் தந்தீங்கல்ல ஐயா, உங்களுக்கு நாங்க வாங்குறோம்" என்று சொல்லி அவள்தான் முதலில் அழுதாள். அப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது.

படிவத்தில் ஒரு கட்டம்

மறுநாள் காலை அடையாற்றில் ஒரு மனநல மருத்துவரிடம் ஐயா, சுகந்தி, நான் மூன்று பேரும் போனோம். மயிலாப்பூரில் வேண்டாம், சபையார் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஐயா கேட்டுக்கொண்டார். காத்திருக்கும் இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். "தொழில்" என்ற கட்டத்தில் அவர் "தனியார் நிறுவனம்" என்று எழுதினார். எழுத்து, அதே உருட்டின நீல எழுத்து. எதையும் வாயால் சொல்லித்தான் என்னை அடிக்க வைப்பார், அவர் கையெழுத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

உள்ளே மருத்துவர் அதைப் படித்துவிட்டு, "எந்த மாதிரி நிறுவனம்?" என்று கேட்டார். ஐயா தலை குனிந்தார். சுகந்திதான், "பாஸ்டர்" என்றாள்.

மருத்துவர் பேனாவை மூடினார். "நினைச்சேன். இங்க வர்ற பாஸ்டருங்க, பூசாரிங்க, மௌல்வி சாருங்க எல்லாருமே தனியார் நிறுவனம்னுதான் எழுதறாங்க. ஒருத்தர் ரியல் எஸ்டேட்னு எழுதினாரு."

சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயாவுக்கும் லேசாக. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை பேர் வேறு வேலை சொல்லிக்கொண்டு அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதே எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

மாத்திரை, வாராவாரம் பேச்சு, மூன்று மாத ஓய்வு, தனியாக இருக்கக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே சுகந்தி அவரை வேலூருக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

சனிக்கிழமை தேவசகாயம் சார் அலுவலகத்துக்கு வந்தார். "வாரச் செய்தியில ஐயாவுக்கு முதுகுவலின்னு போட்டுடுங்க."

"முதுகுவலி இல்லையே சார்."

"எனக்கும் தெரியும்மா. ஆனா ஆயரே இப்படின்னா சபை ஜனங்க எதை நம்புவாங்க? அவர் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உண்மையிலேயே நல்லதுக்குத்தான் சொன்னார். என் அம்மாவும் நல்லதுக்குத்தான் சொன்னாள். முதுகுவலி என்று போட்டால் அடுத்த வாரம் தைலப் புட்டிகள் வேலூருக்குப் போகும், அவரும் வேண்டாம் என்று சொல்லாமல் தேய்த்துக்கொள்வார். நான் சார் எதிரிலேயே போனைப் போட்டு, "ஐயா, உங்களைப் பத்தி என்ன அடிக்கட்டும்? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"உள்ளதைப் போடுங்க. மனச்சோர்வு நோய், சிகிச்சையில இருக்காருன்னு போடுங்க," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சகோதரின்னு மட்டும் போட்டுடாதீங்க" என்றார்.

சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று தெரியவில்லை. அவர் சொன்னபடியே அடித்தேன். மறுநாள் சபையில் அதை வாசித்தபோது யாரும் இருமக்கூட இல்லை.

பழைய கோப்பு

ஐயா இப்போது நன்றாக இருக்கிறார். வேறொரு சபையில், குடும்பத்தோடு. நாய்க்குப் போடாமல் தானே சாப்பிடுகிறார். அதோடு இந்தக் கதையை முடித்துவிடலாம்தான்.

ஆனால் அந்த வாரம் நான் இன்னொன்று செய்தேன். ஒவ்வொரு வாரத் தாளிலும் ஒரு பிரதியைக் கோப்பில் போட்டுவைப்பது என் வழக்கம். சீட்டுகளை மட்டும் ரகசியம் என்று அன்றன்றே கிழித்துப் போட்டுவிடுவேன்; ஐயாவின் கடைசிச் சீட்டைத்தான் ஏனோ கிழிக்கக் கை வரவில்லை. கோப்பை எடுத்து முதலிலிருந்து புரட்டினேன்.

நல்ல தமிழ். ஒரு பிழை இல்லை. சில வருஷத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில் நின்றேன். "மனபாரம் நீங்க ஒரு சகோதரிக்காக." அடுத்த வாரமும் அதே வரி. மூன்றாம் வாரமும். நான்காம் வாரமும்.

ஐந்தாம் வாரத் தாளில் அந்த வரி இல்லை. அதற்குப் பிறகு ஒரு தாளிலும் இல்லை.

அந்தச் சீட்டுகளில் என்ன எழுதியிருந்தது என்று எத்தனையோ நாள் உட்கார்ந்து யோசித்துவிட்டேன். எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவு வரவில்லை.